ஓடாத லேத்தை நம்பிச் சேராதீர்கள்

இன்ஜினியரிங் டெக்னாலஜி படிக்கத் தொழில்நுட்பக் கல்லூரி தேடிக்கொண்டிருப்பவர்கள், கட்டணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 3 ஆண்டுகள் படித்து ஏமாந்தவன்.

சேர்க்கைக்கு வந்தபோது பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். வரிசையாக லேத் (கடைசல் இயந்திரம்), மில்லிங் மெஷின், கண்ணாடி அறைக்குள் கணினி இயக்கும் ஒரு சிஎன்சி மெஷின். எல்லாம் பளபளவென்று இருந்தன. அதுவே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். தினமும் வேலை நடக்கிற பட்டறையில் தரையில் இரும்புச் சுருள் கிடக்கும், வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட் வாடை அடிக்கும். அங்கே இரண்டும் இல்லை.

வகுப்பில் ஒரு லேத்தைச் சுற்றி 20 பேர் நிற்போம். பயிற்றுநர் ஓட்டுவார், நாங்கள் பார்ப்போம். அப்புறம் முந்தைய ஆண்டு மாணவர்களின் அளவுகளைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்வார்கள். சிஎன்சி அறை திறந்ததை இரண்டு முறைதான் பார்த்தேன், இரண்டும் ஆய்வுக் குழு வந்த நாட்கள். கேட்டால், சிமுலேட்டரே போதும் என்பார்கள். சிமுலேட்டரில் டூல் முனை மழுங்காது, சக்கில் (லேத்தின் பிடிப்பானில்) சரியாகப் பிடிக்காத ஜாப், அதாவது கடையும் துண்டு, ஆடாது.

முதல் வேலைத் தேர்வில் ஒரு தண்டைக் கொடுத்து, 20 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்து தரச் சொன்னார்கள். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரில் சுழலும் உருளை 47-இல், அதாவது 0.47 மி.மீ.-இல் நின்றது. ஸ்லீவில் (அசையாத அளவுகோலில்) 20-ஐத் தாண்டிய அரை மில்லிமீட்டர் கோடு வெளியே வந்ததுபோலத் தெரிந்தது. அதையும் சேர்த்து 20.97 என்று படித்தேன். உண்மையான அளவு 20.47. நான் 0.97-ஐக் கடைந்து எடுக்க, தண்டு 19.50 ஆகிவிட்டது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியுமா? கையில் நூறு தடவை பிடித்துப் பழகியிருந்தால் அந்தக் கோட்டில் தவறியிருக்க மாட்டேன். மேற்பார்வையாளர் திட்டவில்லை. "மூணு வருஷம் என்னப்பா படிச்சே?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

அடுத்தது அங்கீகாரம். பிரசுரத்தில் சிட்னி உடன்படிக்கைப்படி அங்கீகாரம் பெற்றது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். பல நாட்டு அங்கீகார அமைப்புகள் ஒன்றின் அங்கீகாரத்தை மற்றொன்று ஏற்க, 2001-இல் இன்ஜினியரிங் டெக்னாலஜி படிப்புகளுக்காக வந்த உடன்படிக்கை அது. 1989-இல் வந்த வாஷிங்டன் உடன்படிக்கை பொறியியல் பட்டங்களுக்கு, 2002-இல் வந்த டப்ளின் டெக்னீஷியன் படிப்புகளுக்கு. மூன்றும் வேறு வேறு. அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான், கல்லூரி முழுவதற்கும் அல்ல. எங்கள் கல்லூரியில் அதைப் பெற்றிருந்தது சிவில் பிரிவு, நான் படித்தது மெக்கானிக்கல். மேற்படிப்புக்கு விண்ணப்பித்து, பாட மதிப்பெண்களை ஏற்க மறுத்த பிறகே எனக்கு இது தெரியவந்தது.

ஆகவே அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் உங்கள் பாடப்பிரிவின் பெயரையும் எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் நீங்களே தேடிப் பாருங்கள். பட்டறையை மாணவர்கள் வேலை செய்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள், முடிந்தால் முன்னறிவிப்பு இல்லாமல். இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம், "நீ தனியாக ஓட்டிய கடைசி ஜாப் எது?" என்று கேளுங்கள். நன்றாகப் பழகியவன் அளவோடு சொல்வான்.

கல்லூரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தேன், இன்றுவரை பதில் இல்லை. பிரசுரத்தில் அந்த வரி அப்படியே இருக்கிறது.