கோத்தகிரி தோட்ட விடுதி: நிலமீட்புக் குழுக்களுக்கு ஏற்றதா?

ஆளுக்கொரு ஊரிலிருந்து வேலை பார்க்கும் நிலமீட்புக் குழு, அதாவது அந்நியச் செடிகளை அகற்றி இயற்கைக் காட்டை மீட்கும் குழு, நேரில் கூட, கோத்தகிரிக்கு வெளியே உள்ள இந்தத் தேயிலைத் தோட்ட விடுதியைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். முக்கியக் காரணம் பின்பக்கச் சரிவு. மேலே சீகை (வாட்டில் என்னும் அந்நிய மரம்), நடுவே உண்ணிச்செடி (லண்டானா என்னும் அந்நியப் புதர்), ஓடையோரம் மிஞ்சிய சோலை (மலையின் இயற்கையான பசுமைக்காடு). வரைபடத்தில் பேசியதை நடந்தே பார்த்துவிடலாம்.

களப்பயிற்சி தரும் தோட்டக்காரருக்கு விஷயம் தெரிகிறது. உண்ணிச்செடியை மேலோடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மண்ணை விலக்கி, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே வெட்டி, வேர் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் போடச் சொல்கிறார். சீகையை ஒரேயடியாக மொட்டையடிக்க விடுவதில்லை, அது மிகச் சரி. நிழல் போனதும் மண்ணில் கிடக்கும் சீகை விதைகள் மொத்தமாக முளைக்கும். உறைபனி விழும் இடங்களில் சோலைக் கன்றுகள் கருகிவிடும்.

கூட்ட அறைதான் குறை. மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் விளக்குக்கும் வைஃபைக்கும் மட்டுமே, புரொஜெக்டர் நின்றுவிடும். வரைபடங்களைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டு போங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கும் என்பதால் களவேலை காலையில், பேச்சு பிறகு. அவரைக்கொட்டைக் குழம்பு அருமை.

அக்டோபர், நவம்பர் வேண்டாம்: வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் பலமாகப் பெய்யும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். வெளிமாவட்ட வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை உண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் தடை; ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நாளை முன்பதிவின்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கொழுந்து பறிப்பு மும்முரமானால் தோட்டக்காரர் கிடைக்கமாட்டார்.