புள்ளி போகாத டைட்டில்: பச்சையா, பிஎன்ஜியா?

கல்யாண வரவேற்பு லைவில் பெயர்ப் பட்டை போட நான் பயன்படுத்திப் பார்த்த வழிகள் மூன்று. லேப்டாப்பில் பச்சைப் பின்னணியில் எழுத்தைப் போட்டு, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக, கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டுகிற மிக்ஸருக்கு அனுப்பி, அங்கே பச்சையை உரித்துவிடுவது ஒன்று. பின்னணியே இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து மிக்ஸருக்குள் படங்களைச் சேமிக்கிற மீடியா பூலில் ஏற்றிவைப்பது இன்னொன்று. மிக்ஸர் பெட்டியை ஓரங்கட்டிவிட்டு கம்ப்யூட்டரிலேயே லைவ் ஓட்டுகிற ஓபிஎஸ் மென்பொருளில் மொத்த வேலையையும் முடிப்பது மூன்றாவது. ஒன்றரை வருடம் பச்சையில் ஓட்டிவிட்டு பிஎன்ஜிக்கு மாறியவன் நான். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெட்டி பிளாக்மேஜிக்கின் ஏடெம் மினி, 2019இல் வெளிவந்த முதல் மாடல். நான்கு எச்டிஎம்ஐ இன்புட், கேமராப் படத்தின் மேல் எழுத்தைப் பதிக்கிற கீயர் இரண்டு (அப்ஸ்ட்ரீம் ஒன்று, டவுன்ஸ்ட்ரீம் ஒன்று), 20 படம் பிடிக்கிற மீடியா பூல். வேறு பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பட்டன் இருக்கும் இடம் மாறலாம், விஷயம் இதேதான்.

பச்சையில் ஆரம்பித்ததற்குக் காரணம் சோம்பல். பவர்பாயிண்டில் பச்சை ஸ்லைடு, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பெண் வீட்டார் ஓடி வந்து இனிஷியல் தப்பு என்றால் அங்கேயே தட்டித் திருத்திவிடலாம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒரு மாப்பிள்ளையின் பெயர் கார்த்திக் என்று அமையும் வரை. மேடைக்குப் பக்கத்தில் பெரிய எல்இடி திரை. பெயரை ஏற்றினேன். மிக்ஸர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, “தம்பி, மாப்பிள்ளை பேர்ல காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்றார். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ‘காரத்திக்’. லேப்டாப்பில் ‘ர்’ ஒழுங்காக இருந்தது, திரையில் அதன் தலைப்புள்ளியைக் காணோம்.

எங்கே போனது என்று அப்புறம் உட்கார்ந்து தேடினேன். லேப்டாப் ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறத்தை அனுப்புகிறது. மிக்ஸர் உள்ளே அதை 4:2:2 ஆக்கிக்கொள்கிறது. அதாவது வெளிச்சம் பிக்சலுக்கு ஒன்று, நிறம் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. பச்சையை உரிக்கிற குரோமா கீ எதை வெட்டலாம், எதை விடலாம் என்று முடிவு செய்வது நிறத்தைப் பார்த்து. ஆக, வெட்டுகிற கத்தியே பாதி மழுங்கல். எழுத்தைச் சுற்றி மெல்லிய பச்சை விளிம்பு மிஞ்சும். அது போகட்டும் என்று கீ அமைப்புகளைக் கொஞ்சம் முறுக்குவோம். விளிம்போடு சேர்ந்து எழுத்தும் தேயும். நான் வைத்திருந்த எழுத்து அளவில் புள்ளி ஏழெட்டுப் பிக்சல் இருந்தாலே அதிகம். நாலு பக்கமும் இரண்டிரண்டு போனால் மிச்சம் என்ன? அந்த மிச்சத்தை யூடியூபுக்குப் போகும் கம்ப்ரெஷன் விழுங்கிவிடும்.

ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல் புள்ளி விழுந்தாலும் அது ஐ தான். நம் எழுத்தில் புள்ளி விழுந்தால் எழுத்தே வேறு. அதனால்தான் இந்த ஒரு விஷயத்துக்கு இத்தனை வரி.

நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கு அடியில் ஒளி ஊடுருவாத கெட்டிப் பட்டை, அடர்நீலமோ மெரூனோ, வைத்தால் பச்சை வழியிலும் புள்ளி பிழைத்துக்கொள்ளும். வெட்டு விழுவது பட்டையின் ஓரத்தில்தான். ஆனால் பாதி தெரிகிற கண்ணாடிப் பட்டை, எழுத்துக்கு மென்மையான நிழல் என்று ஆசைப்பட்டால் நிழலில் பச்சை கலந்து பாசி பிடித்ததுபோல் இருக்கும். பச்சைக்குப் பதில் கருப்புப் பின்னணி போட்டு, வெளிச்சத்தைப் பார்த்து வெட்டுகிற லூமா கீ செய்தால் வெள்ளை எழுத்து சுத்தமாக வரும், நிழலுக்குத்தான் வழியில்லை. கருப்போடு கருப்பாகப் போய்விடும்.

இன்னொரு இடைஞ்சல். ஏடெம் மினியில் குரோமா கீ அப்ஸ்ட்ரீம் கீயரில் மட்டும்தான். ஓரத்தில் சின்னக் கட்டமாக இன்னொரு கேமராவைக் காட்டுகிற வசதியும் அதே கீயரைத்தான் பிடித்துக்கொள்கிறது. பெண் அழைப்பைக் கட்டத்தில் போட்டால் பெயர் போய்விடும். லேப்டாப்புக்கு ஒரு இன்புட் போனதில் கேமராவும் மூன்றாகச் சுருங்கிவிடும்.

பிஎன்ஜியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தான் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை ஆல்ஃபாவில் 256 படியாகச் சுமந்து வருகிறது. யாரும் நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. டவுன்ஸ்ட்ரீம் கீயரில் ஃபில் சோர்ஸுக்கு (தெரிகிற படம்) பூலில் உள்ள படத்தைக் காட்டுகிற மீடியா பிளேயர் 1, கீ சோர்ஸுக்கு (எங்கே எவ்வளவு தெரியும் என்பது) மீடியா பிளேயர் 1 கீ. கூடவே ப்ரீமல்டிப்ளைடு கீ என்று ஒரு டிக் இருக்கும். எழுத்தைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரிந்தால் முதலில் அந்த டிக்கைப் பாருங்கள். ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கிய படத்தை மிக்ஸர் மறுபடி ஒருமுறை பெருக்கினால் ஓரம் இருண்டுவிடும். டிக் போட்டால் இரண்டாவது பெருக்கல் நிற்கும்.

படம் செய்வதற்கு ஜிம்ப் போதும், இலவசம், தமிழையும் உடைக்காது. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால், டைப் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேன்வாவில் பின்னணி இல்லாமல் இறக்கக் காசு கட்ட வேண்டும். கேன்வாஸ் 1920×1080. பக்கவாட்டில் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு உள்ளே எழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பெயரை அப்படியே ஒட்டாதீர்கள், யூனிகோடில் புதிதாகத் தட்டுவதே வேகம். முக்தா மலரோ நோட்டோ சான்ஸ் தமிழோ, தடித்த எடையை எடுங்கள். மெல்லிய எடையில் புள்ளியும் மெலிந்துதான் இருக்கும்.

படத்தை ஆள்விட்டு ஆள் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது ஜேபெக் ஆகிவிடும், ஜேபெக்கில் ஆல்ஃபா கிடையாது. டாக்குமெண்டாக அனுப்பினால் போன மாதிரியே வந்து சேரும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிச்சயதார்த்தம் செலவானது.

பிஎன்ஜிக்குக் குறை இல்லாமல் இல்லை. பெயர் மாறினால் ஜிம்பைத் திறந்து, திருத்தி, ஏற்றுமதி செய்து, பூலில் இழுத்துப் போட வேண்டும். என் கைக்கு இரண்டு நிமிடம். மாலை மாற்றும் நேரத்தில் இரண்டு நிமிடம் என்பது ரொம்ப நீளம். அதனால் மண்டபத்துக்குப் போனதும் முதல் வேலையாக இரண்டு வீட்டிலும் ஒவ்வொருவரைப் பிடித்து, பெயரைத் திரையில் காட்டி, சரி என்று சொல்ல வைத்துவிடுகிறேன். இனிஷியல் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என இரண்டையும் ஏற்றிவைக்கிறேன். அசைவும் கிடையாது, மெல்லத் தோன்றி மெல்ல மறைவதோடு சரி.

ஓபிஎஸ்ஸில் நான் ஓட்டியது மூன்றே நிகழ்ச்சி, மூன்றும் ஒரே கேமரா. அங்கே ஆல்ஃபா கம்ப்யூட்டரை விட்டு வெளியே வராததால் எழுத்து அருமையாக நிற்கிறது, திருத்துவதும் உடனே முடிகிறது. நான்கு கேமராவை கேப்சர் கார்டு வழியாக ஒரே லேப்டாப்பில் இழுத்து, நடுவில் விண்டோஸ் அப்டேட் வராமல் இருக்க வேண்டிக்கொள்ளும் தைரியம் இன்னும் எனக்கு வரவில்லை.

பச்சையையும் முழுதாக விட்டுவிடவில்லை. கிரிக்கெட் டோர்னமெண்ட் லைவ் என்றால் பந்துக்குப் பந்து ஸ்கோர் மாறும், அதற்கு பிஎன்ஜி ஆகாது. கெட்டிப் பட்டை போட்டு லேப்டாப்பில்தான் ஓட்டுகிறேன். எண்களுக்குப் புள்ளித் தொல்லை இல்லை. ஓவர் கணக்கில் 14.3 என்று வருகிற புள்ளி ஒன்றுதான், அதை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொள்கிறேன்.