மதிப்புச் சொல்ல வந்தவரே வாங்கிக்கொண்டு போனார்: பழைய நிலக்கரி அடுப்பு வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

தாத்தா விட்டுச்சென்ற நிலக்கரி அடுப்பைப் பழைய இரும்பின் எடைக்கு விற்றுவிட்டேன். நான்கு மாதம் கழித்து அதே அடுப்பு மெருகேறி விற்பனைக்கு நின்றதைப் படத்தில் பார்த்தேன். சாம்பல் அள்ளும் கதவில் அலங்காரமாக வார்த்த ஓர் இலையின் நுனி உடைந்திருக்கும். சிறுவயதில் நான் சுத்தியலால் அடித்து உடைத்தது. அந்த உடைந்த இலை இல்லாவிட்டால் நானே அடையாளம் கண்டிருக்க மாட்டேன். எனக்குக் கொடுத்த தொகையைப் போலப் பதினான்கு மடங்கு விலை போட்டிருந்தார்கள்.

பதினான்கு மடங்கும் என் நஷ்டம் என்று சொல்ல வரவில்லை. பழைய அடுப்பைக் கழற்றி, துரு நீக்கி, நிக்கல் முலாம் புதிதாகப் பூசி, மைக்கா என்ற சூடு தாங்கும் கண்ணாடி போன்ற தகட்டை மாற்றிப் பூட்டுவது பெரிய வேலை. அந்தக் கூலியும் லாபமும் அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியவை. என்னிடம் சொன்ன பொய்கள்தான் என் மனக்குறை.

அடுப்பு என் மார்பளவு உயரம். வார்ப்பிரும்பு உடல், இடுப்பில் நிக்கல் வளையங்கள், மூன்று பக்கமும் மைக்கா சன்னல்கள், உச்சியில் கலசம் போன்ற ஒரு முடி. ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரிக்காகச் செய்தது. மேலே திறந்து ஒருமுறை கொட்டிவிட்டால் உள்ளே இருக்கும் குழாயில் நிலக்கரி நின்றுகொள்ளும். கீழே எரிய எரியத் தானாக இறங்கும். இரவில் யாரும் எழுந்து போட வேண்டியதில்லை. சாம்பல் கதவில் ட்ராய் என்ற ஊர்ப் பெயரும், 1880களைச் சேர்ந்த இரண்டு காப்புரிமைத் தேதிகளும் வார்ப்பிலேயே இருந்தன. நியூயார்க் மாநிலத்து ஆல்பனியும் ட்ராயும் 19ஆம் நூற்றாண்டில் அடுப்பு வார்ப்புக்குப் பேர்போன ஊர்கள். இதெல்லாம் எனக்கு விற்ற பிறகு தெரிந்தது.

முதல் தவறு என்னுடையது. அடுப்புக்கு இலவசமாக மதிப்புச் சொல்ல வருகிறேன் என்றவரிடம் தொலைபேசியில் பேசும்போதே, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உளறிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேரம் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வந்தவர் மரியாதையானவர். கைக்குட்டை விரித்து மண்டியிட்டார். டார்ச் விளக்கை உள்ளே அடித்து, "அம்மா, இங்கே பாருங்கள், விரிசல்" என்றார். பார்த்தேன். இரும்பில் கறுப்பாக ஒரு கோடு, அதன் வழியே டார்ச் வெளிச்சம் வெளியே கசிந்தது. எனக்கு மனம் விட்டுப்போனது. வெளிச்சம் கசியும் அடுப்பு எதற்கு ஆகும்?

அது விரிசலே அல்ல. வார்ப்பிரும்பு அடுப்பு ஒரே துண்டாக வருவதில்லை. தகடு தகடாக வார்த்து, போல்ட் போட்டு முடுக்கி, இடைவெளியில் வெப்பம் தாங்கும் அடுப்புச் சிமென்ட் பூசுவார்கள். பல ஆண்டு சூட்டில் அந்தச் சிமென்ட் உதிர்ந்துவிடும். இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் நேராக ஓடும் கோடு என்றால் அது மூட்டு. பழைய சிமென்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் போதும். (சுரண்டுவதை நீங்களே செய்யாதீர்கள், அந்தக் காலத்துச் சிமென்ட்டிலும் கதவு இடுக்கை அடைக்கும் கயிற்றிலும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கலாம்.) உண்மையான விரிசல் ஒரே தகட்டின் நடுவில், பெரும்பாலும் போல்ட் துளையிலிருந்தோ கதவு மூலையிலிருந்தோ, கோணல்மாணலாக ஓடும். இன்னொரு சோதனையும் உண்டு. கழற்றிய தகட்டைத் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால், நல்ல வார்ப்பு மணி போல ஒலிக்கும். விரிசல் விட்டது தொண்டை கட்டியவன் போலப் பேசும். அவர் ஒரு முறைகூடத் தட்டவில்லை.

அடுத்து எழுத்துகளைத் தடவிப் பார்த்து, "இவ்வளவு கூர்மையாக இருக்கிறதே, இது பின்னாளில் வார்த்த நகல்" என்றார். தலைகீழ்ப் பாடம். பழைய அடுப்பையே அச்சாக வைத்து மணலில் மறுபடி வார்க்கும்போதுதான் எழுத்தும் இலையும் மழுங்கும். இரும்பு உறைந்து ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்குவதால், அப்படி வார்த்த நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். ஆக, கூர்மையான எழுத்து எங்கள் அடுப்புக்கு ஆதரவான சாட்சி. அதையே அவர் எதிர்சாட்சியாக நிறுத்தினார். தேதியைப் பற்றி அவர் சொன்ன ஒன்று மட்டும் சரி: அது காப்புரிமை கிடைத்த தேதி, அடுப்பு வார்த்த தேதி ஆகாது. கடைசித் தேதிக்கு முந்தைய அடுப்பு இல்லை என்று மட்டும் அதை வைத்துச் சொல்லலாம்.

ஆனாலும் என்னை உண்மையில் கட்டிப்போட்டது கலசம்தான். "முலாம் அசலா என்று பார்த்துச் சொல்கிறேன்" என்று கலசத்தையும், ஒரு மைக்கா கதவையும், அடியில் நிலக்கரியைத் தாங்கும் இரும்புத் தட்டியான கிரேட்டையும் துணியில் சுற்றி எடுத்துப் போனார். ரசீது எழுதிக் கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. இடையில் வேறு இரண்டு பேரை விசாரித்தேன். இருவரும் எடுத்த எடுப்பில் கேட்டது, "கலசம் இருக்கிறதா? கிரேட் முழுதாக இருக்கிறதா?" அடுப்பை வந்து பார்க்கக்கூட அவர்களுக்கு ஆர்வம் இல்லாமல் போய்விட்டது. அந்தப் பாகங்கள் தனியாகக் கிடைப்பது அரிது. உடல் இருந்து அவை இல்லையென்றால் விலை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். மாதக் கடைசி நெருங்கியபோது அவரே கூப்பிட்டார். "முலாம் போய்விட்டது, கிரேட் வளைந்திருக்கிறது. உங்களுக்காக எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். நான் நன்றி சொன்னேன் என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

அவர் தந்த மதிப்பீட்டுத் தாளை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். ஒரு தொகை, ஒரு கையெழுத்து. எதற்கான மதிப்பு என்று ஒரு சொல் இல்லை. காப்பீட்டுக்கு எழுதும் மாற்றுச் செலவு மதிப்பு (அதேபோல் இன்னொன்று வாங்க ஆகும் தொகை) ஒன்று, சொத்துப் பிரிக்க எழுதும் சந்தை மதிப்பு வேறு, அவசரத்தில் விற்றால் கிடைப்பது மூன்றாவது. ஒரே அடுப்புக்கு மூன்று தொகையும் வெகுவாக வேறுபடும். நேர்மையான மதிப்பீட்டாளர் எது என்று எழுதித் தருவார். வேலைக்குக் கூலி வாங்குவார், மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்க மாட்டார். தானே வாங்கும் எண்ணம் இருந்தால் மதிப்பிட வரமாட்டார். இலவசம் என்று வந்தவரிடம் இதில் எதையும் நான் கேட்கவில்லை.

நான் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் வருவதற்கு முன் அடுப்பு பளிச்சென்று இருக்கட்டும் என்று நிக்கல் வளையத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். முலாம் மெல்லிய பூச்சு. இரண்டு இடத்தில் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டேன். அழுக்கோடு விட்டிருக்க வேண்டும்.

போன வாரம் அவர் மறுபடி கூப்பிட்டார். கிரேட்டை உலுக்கிச் சாம்பல் உதிர்க்க ஒரு கைப்பிடி உண்டு. அது வேறொரு பெட்டியில் கிடந்ததால் அடுப்போடு போகவில்லை. "அம்மா, அந்தக் கைப்பிடி உங்களிடம் இருக்குமே, எங்காவது கிடக்கும், தேடிப் பாருங்களேன்" என்றார்.

"எடைக்குப் போட்ட நகலுக்கு எதற்குக் கைப்பிடி?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, விலை சொல்லுங்கள் என்றார். இன்னும் சொல்லவில்லை.