புதுத் தண்ணீருக்கு எந்தக் குளோரின்?

நீச்சல் குளத்தைக் காலி செய்து, கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பியாயிற்று. அடுத்து குருணையா, மாத்திரையா, கேனில் வரும் திரவமா? கடையில் கேட்டால் எது கையிருப்போ அதைத்தான் தருவார்கள். உங்கள் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் பெரும்பாலும் மென்மையான, லேசாக அமிலம் கலந்த தண்ணீர். நான் பார்த்துக்கொள்ளும் 60,000 லிட்டர் குளத்தில் போன முறை நிரப்பியதும் பிஹெச் (அமில-கார அளவு) பார்க்கும் சொட்டு விட்டேன். சோதனைக் குழாயில் தண்ணீர் சிவப்புப் பக்கமே போகாமல் மஞ்சளாக நின்றது. அதாவது 7-க்கும் கீழே. நமக்கு வேண்டியது 7.2 முதல் 7.6. பிஹெச்சை நிலையாக வைக்கும் காரத்தன்மை 30 பிபிஎம்தான் (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) இருந்தது. அதை 90-க்கு ஏற்ற 6 கிலோ சமையல் சோடா போனது. இதை முடிக்காமல் குளோரினில் கை வைக்காதீர்கள்.

மாத்திரையில் 90 சதவீதம் குளோரின். மெதுவாகக் கரையும், வேலை குறைவு, வெயிலில் குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலமும் உள்ளேயே உண்டு. ஆனால் அதுவே கடும் அமிலம். காரத்தன்மை இல்லாத தண்ணீரில் போட்டால் பிஹெச் இன்னும் சரியும், டைல்ஸ் இடுக்கின் சிமெண்டை அரிக்கும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீருக்கு முதல் நாளே இது வேண்டாம்.

என் ஓட்டு 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணைக்கு. மென்தண்ணீரில் இல்லாத சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொடுக்கும், பிஹெச்சையும் தாழவிடாது. 3 பிபிஎம் குளோரினுக்கு எனக்குச் சுமார் 280 கிராம் பிடிக்கிறது. வாளித் தண்ணீரில் குருணையைப் போட்டுக் கரைத்து ஊற்ற வேண்டும். ஊற்றியதும் தண்ணீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்துக்கு மாறினால் பயப்பட வேண்டாம். கிணற்று இரும்பு வெளியே வருகிறது, ஃபில்டரை ஓடவிட்டு அடிக்கடி கழுவினால் தெளியும். சாதாரண பிளீச்சிங் பவுடரும் இதே வேலையைச் செய்யும். ஆனால் குளோரின் பாதிதான், அடியில் சுண்ணாம்பு மண்டி வேறு.

குளச்சல், மணக்குடி போலக் கடலோரத்தில் போர் தண்ணீர் என்றால் கதை வேறு. ஏற்கெனவே கடினத்தன்மை கூடிய தண்ணீரில் குருணை போட்டால் பால் போலக் கலங்கும். அங்கே திரவக் குளோரின்தான் சரி. கேன் நாள்பட வீரியம் இழக்கும் என்பதால் புதிதாக வாங்குங்கள்.

குருணை, திரவம் இரண்டிலும் வெயில் காப்பு கிடையாது. காலையில் 3 இருந்தது மாலையில் ஒன்றுமில்லாமல் போகும். அதனால் சயனூரிக் அமிலத்தைத் தனியாக, 30 பிபிஎம் அளவுக்குச் சேர்க்கிறேன். என் குளத்துக்கு 1.8 கிலோ. அப்புறம், வெளியூர் போகும் நாட்களுக்கு மட்டும் மாத்திரை. அதைக் குருணை வாளிக்குப் பக்கத்தில்கூட வைப்பதில்லை, இரண்டும் கலந்தால் தீப்பிடிக்கும்.