மைசூர் போகிறவர்கள் கவனிக்கவும்: ஆற்றங்கரை டென்ட் என்று 4,600 ரூபாயை ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று ராத்திரி நடந்தது இது. கோபம் இன்னும் அடங்கவில்லை. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மைசூர் போனேன். பகலில் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் காவிரிக் கரையில் டென்டில் தங்குவதாகத் திட்டம். தங்குமிடம் பதிவு செய்யும் ஒரு செயலியில் அந்த இடத்தைப் பார்த்தேன். படத்தில் ஆறு, தென்னந்தோப்பு, வரிசையாக மஞ்சள் டென்ட். விசாரித்ததும் என் நம்பரை வாங்கிக்கொண்டு அவர்களே கூப்பிட்டார்கள்.

பேசியது ஒரு பெண். நல்ல தமிழ். "தனியாவாக்கா வர்றீங்க? பயப்படவே வேண்டாம். லேடீஸ் டென்ட் எங்க வீட்டை ஒட்டித்தான் இருக்கு. ராத்திரி எங்கம்மா பக்கத்துலயே படுத்துக்குவாங்க" என்றாள். அம்மா பக்கத்தில் படுப்பார் என்ற பேச்சில்தான் நான் நம்பினேன். தனியாகப் போகிற ஒரு பெண் எதற்குப் பயப்படுவாள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள்.

செயலியில் கட்டினால் கமிஷன் போகும், நேரடியாகப் போடுங்கள் என்றாள். வாடகை 2,800, திருப்பித் தரும் டெபாசிட் 1,800. மொத்தம் 4,600 ரூபாய். யூபிஐயில் ஓர் ஆணின் பெயர் வந்தது. கேட்டதற்குத் "தம்பி அக்கவுண்ட்க்கா" என்றாள். அனுப்பிவிட்டேன்.

பகல் நன்றாகத்தான் போனது. வரும்போது திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகள், சாமுண்டி மலைப் படிகள், வழியில் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி, தேவராஜ மார்க்கெட். ஞாயிற்றுக்கிழமை என்பதால் ராத்திரி 7 மணிக்கு அரண்மனை முழுக்க விளக்குப் போட்டார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்பு. அங்கே நின்றுகொண்டே அவளைக் கூப்பிட்டேன். "வாங்கக்கா, அம்மா உங்களுக்கும் சேர்த்து ராகி முத்தை கிளர்றாங்க" என்றாள்.

எட்டரைக்கு லொகேஷன் காட்டிய இடத்துக்குப் போனால் பூட்டிய தோப்பு. தெருவிளக்குகூட இல்லை. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் "இல்லி யாவ கேம்பூ இல்லம்மா" என்றார். இப்படிக் கேட்டு ஏற்கெனவே ஆட்கள் வந்து திரும்பினார்களாம். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் அவ்வளவுதான் புரிந்தது. மெயின் ரோடு வரைக்கும் கூடவே வந்து விட்டுப் போனார். அவர் நன்றாக இருக்கட்டும்.

போன் செய்தால் முதலில் "பத்து நிமிஷம், ஆள் வர்றாங்க". அப்புறம் "அது பழைய லொகேஷன், புதுசு அனுப்புறேன்". அனுப்பவே இல்லை. மூன்றாவது முறை ஓர் ஆண் எடுத்து, "செக்-இன் எட்டு மணியோட முடிஞ்சுது மேடம், லேட்டா வந்தா ரீஃபண்ட் கிடையாது" என்றான். இல்லாத இடத்துக்கு என்ன செக்-இன்? அதன் பிறகு பிளாக்.

ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. திம்பம் மலைப்பாதையில் ராத்திரி 9 முதல் காலை 6 வரை காரையும் விடமாட்டார்கள். மைசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜ் தேடி ரூம் போடும்போது மணி பத்தேமுக்கால்.

செயலிக்காரர்களைக் கேட்டால், "எங்கள் மூலமாகப் பணம் கட்டவில்லை, நாங்கள் பொறுப்பல்ல". சரி, அந்தப் பதிவையாவது எடுங்கள் என்றேன். "பரிசீலிக்கிறோம்" என்று பதில் வந்தது. 4,600 ரூபாய் எனக்குச் சின்னக் காசு இல்லை. இந்தப் பயணத்துக்காக நாலு மாதம் சேர்த்தது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இது மட்டும்: செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். யூபிஐயில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். புது இடத்துக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நான் விடிந்த பிறகுதான் கூப்பிட்டேன், ராத்திரியே செய்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது பார்த்தேன், அந்தப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதே மஞ்சள் டென்ட் படம், கீழே "இந்த வாரம் இரண்டு டென்ட் மட்டுமே பாக்கி".