285,000 ரூபா கொடுத்துக் கேள்விக்குறி வாங்கினேன்

செங்கலடியில் அப்பாவின் லொறிக் கந்தோரை நான்தான் கவனிக்கிறேன். இன்று காலை நடந்ததை இரவுக்குள் எழுதிவிட வேண்டும். நாளைக்கு என்றால் கோபம் ஆறி, போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். விடக்கூடாது, வேலை செய்யாத ஒரு மென்பொருளுக்குக் கொடுத்த 285,000 ரூபா அது. லொறி வைத்திருப்பவர்கள், மில் நடத்துபவர்கள், கடைக்குச் சாமான் ஏற்றுபவர்கள் எல்லோரும் வாசியுங்கள். இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சொந்த லொறி 4. பெரும்போக நெல் வெட்டுத் தொடங்கினால் வாடகைக்கு இன்னும் ஆறேழு பிடிப்போம். விடியற்காலை 4 மணிக்கே சம்மாந்துறை மில்லிலிருந்து அழைப்பு வரும்: கொழும்புக்கு இத்தனை பை, நாளை மறுநாள் ஏற்றவேண்டும். இன்னொருவர் வட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். மூன்றாமவர் பதுளை வீதிச் சந்தியில் எங்கள் டிரைவரைக் கண்டு வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை என்று போன லொறி வெறுமையாகத் திரும்பினால் டீசல் காசு கையைக் கடிக்கும். ஆகவே திரும்பும்போது ஏற்ற என்ன கிடைக்கும் என்பதையும் அன்றைக்கே பார்க்கவேண்டும். இவ்வளவையும் அப்பா 25 வருடமாக ஒரு கொப்பியில் வைத்திருந்தார். வலப்பக்கம் போவது, இடப்பக்கம் வருவது, காசு வந்தால் சிவப்புக் கோடு.

கொப்பியில் ஒரே ஒரு குறைதான். அப்பா இருக்கும் இடத்தில்தான் அதுவும் இருக்கும். போன வருடம் நான் வீட்டிலிருந்தும் அவர் கந்தோரிலிருந்தும் ஒரே லொறியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகுதான், வருகிற கோரிக்கைகளை எல்லாம் எங்கள் ஆட்கள் மட்டும் பார்க்கிற ஒரு திரையில் கொண்டுவர ஆள் தேடினேன்.

மட்டக்களப்பு நகரில் மாடியில் இயங்கும் கணினி நிறுவனம் ஒன்று. பெயரைக் கேட்காதீர்கள். கடைகளுக்கு பில் போடும் மென்பொருளும் இணையத்தளமும் செய்து கொடுப்பவர்கள். வந்தவர் என்னைவிட வயதில் இளையவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்புக் கோடு எதற்கு என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அப்பா அரை மணி நேரம் விளக்கினார், தேநீர் ஆறிப்போனது.

அடுத்த கிழமை மடிக்கணினியோடு வந்தார். திரையின் உச்சியில் அப்பாவின் பெயர், தமிழில். கீழே எங்கள் நான்கு லொறி இலக்கங்கள். ஒன்றைத் தொட்டால் பச்சையாகிறது. காசு வந்தால் சிவப்புக் கோடு! அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தடவுவதுபோல் திரையில் விரலை வைத்து, "பிள்ளை, இது என்னுடைய கொப்பிதான்" என்றார். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். அதில் இருந்தவை ஆறே ஆறு கோரிக்கைகள். அறுபது வந்தால் என்ன ஆகும், இது யாருடைய கணக்கில் ஓடுகிறது என்றெல்லாம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஒரு தடவை கட்டினால் போதும் அக்கா, பிறகு ஒரு சதமும் வராது" என்றார். டயர் மாற்ற வைத்திருந்த காசில் நவம்பரில் 150,000, மென்பொருளை எங்கள் கையில் தந்த ஜனவரி 10ஆம் திகதி 135,000. இரண்டையும் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கே போட்டேன். நிறுவனக் கணக்கில் ஏதோ சிக்கலாம். ரசீது பிறகு வருமாம்.

அன்றே கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அப்பாவின் பழக்கம் மாறட்டும் என்று நான் செய்த புத்திசாலித்தனம் அது.

பெப்ரவரியில் வெட்டுச் சூடுபிடித்தது. பெப்ரவரி 3க்கு ஏற்றவேண்டிய 240 பை அரிசியைத் திரை மார்ச் 2 என்று காட்டியது. நாங்கள் நாளை முன்னால் எழுதுகிறோம், அது மாதத்தை முன்னால் வாசிக்கிறது. மில்காரர் காலையிலிருந்து மதியம் வரை பார்த்துவிட்டு வேறு லொறி பிடித்தார். பதினொரு வருட வாடிக்கையாளர், இன்றுவரை அழைக்கவில்லை. ஒரே லொறியை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால் தடுக்கும் என்றார்களே, அதுவும் தடுக்கவில்லை. அந்த நோய்க்குத்தான் இந்த மருந்தே வாங்கினோம்.

அழைத்தேன். டெவலப்பர் கொழும்பில் நிற்கிறாராம். மறுபடி அழைத்தேன். சேர்வரில் வேலை நடக்கிறதாம், திங்கட்கிழமை சரியாகிவிடுமாம். எந்தத் திங்கள் என்று நான் கேட்டிருக்கவேண்டும். வட்ஸ்அப்பில் நீலக்கோடு விழும், பதில் வராது. நேரில் போனால் வரவேற்பில் இருக்கும் தங்கச்சி "சேர் மீட்டிங்கில்" என்பார். உள்ளே கிரிக்கெட் வர்ணனை கேட்கும். ஒருநாள் பிடித்துக்கொண்டேன். "பாவிக்கத் தெரியாவிட்டால் நாங்கள் என்ன செய்வது அக்கா? பயிற்சிக்கு 15,000 கட்டுங்கள்" என்றார். சிவப்புக் கோட்டைப் பற்றிக் கேட்ட அதே வாய்.

மார்ச் 17 காலை திரை பூட்டிக்கொண்டது. சந்தா முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அப்போதுதான் விளங்கியது, அவர்கள் மென்பொருள் எதையும் எழுதவேயில்லை. பெட்டிகளை இழுத்துவைத்து, ஓர் அட்டவணையோடு இணைத்தால் திரை தயாராகிவிடும் வெளிநாட்டுச் சேவை ஒன்று. ஆளுக்கு இவ்வளவு டொலர் என்று மாதவாடகை. அப்படிச் செய்வது தப்பில்லை, பெரிய கம்பனிகளும் செய்கின்றன. வாடகை வீட்டைச் சொந்த வீடு என்று விற்றதுதான் தப்பு. அதுவும் அவர்களுடைய கணக்கில், சாவி அவர்களுடைய இடுப்பில்.

எங்கள் விவரங்களையாவது தாருங்கள் என்று கெஞ்சியபிறகு ஒரு கோப்பு அனுப்பினார்கள். தமிழில் நாங்கள் பதிந்த பெயர், ஊர், சரக்கு எல்லாம் "?????" என்று கேள்விக்குறிகளாக நிற்கின்றன. தொகைகள் மட்டும் ஒழுங்காக இருக்கின்றன. யாரோ 48,000 தரவேண்டும். யார்? டிரைவர்களின் டெலிவரி நோட்டுகளைத் தரையில் பரப்பிவைத்து நானும் அப்பாவும் தேடுகிறோம். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

இன்று ஏப்ரல் 3. மறுபடியும் மாடி ஏறினேன். "சித்திரைப் புத்தாண்டு முடியட்டும் அக்கா, உட்கார்ந்து பேசுவோம்" என்று சிரித்தார். நானும் சரி என்று இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்றதிலிருந்து அல்லது சேவை தந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடவேண்டும். ஜனவரி 10இலிருந்து எண்ணுங்கள். புத்தாண்டு 14. அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிகிறது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், நேரமில்லை. கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். மாதவாடகை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாள் கணக்குக்குக் காசு போடாதீர்கள். கொப்பியைப் பூட்டாதீர்கள். அதிகாரசபையின் இலக்கம் 1977.

285,000 ரூபா. ரசீது இல்லை, வங்கிச் சீட்டு இரண்டும் வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. முறைப்பாட்டை இன்றிரவே எழுதப் போகிறேன். இன்னும் ஏழு நாள்.