மூடுவதா, அளந்து பிடிப்பதா? ஹவாயின் இரண்டு கடற்கரைகள்

ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது கஉபூலேஹு. மீன் குறைந்துகொண்டே போனதைப் பார்த்த ஊர்ப் பெரியவர்கள், 'கொஞ்சம் பொறு' என்று தாங்களே முன்நின்று கேட்க, 2016-இல் அரசு அங்கே 10 ஆண்டு மீன்பிடித் தடை போட்டது. 120 அடி ஆழம் வரை எதையும் எடுக்கக் கூடாது என்றது அந்தத் தடை. விதி எளிது, கண்காணிப்பதும் எளிது.

ஹவாய் மாநிலத்தின் இன்னொரு தீவான கவாயில், ஹாஎனா ஊர் மக்கள் வேறு வழியில் போனார்கள். அவர்கள் ஊரே உட்கார்ந்து பேசி எழுதிய விதிகள் 2015-இல் சட்டமாயின. வீட்டுக்குப் பிடிக்கலாம், விற்கப் பிடிக்கக் கூடாது. விசையை அழுத்தி ஈட்டி எய்யும் துப்பாக்கி கூடாது. ஆக்டோபஸ் ஆளுக்கு நாளைக்கு 2 மட்டும். குஞ்சு மீன்கள் வளரும் மகுவா என்ற கடற்குளத்தில் மட்டும் யாரும் இறங்கக்கூட முடியாது.

எனக்குப் பிடித்தது ஹாஎனா வழிதான். பாறை இடுக்கில் ஆக்டோபஸ் எங்கே ஒளியும் என்பதைத் தாத்தாவோடு தண்ணீரில் நின்றால்தான் பேரன் கற்க முடியும். கடலைப் 10 ஆண்டு பூட்டினால் அந்தப் பாடமும் நின்றுபோகும். ஆனால் மீனே அருகிவிட்ட இடத்தில் அளந்து பிடிக்க என்ன இருக்கிறது? அங்கே கஉபூலேஹு செய்ததுதான் சரி.